முயல்களை எண்ணியவர்கள்

உயர்தர வகுப்பிலே உயிரியலைக் கற்பித்தவர்களும் கற்றவர்களும் ஒரு வரைபை மறந்திருக்க மாட்டார்கள். இரண்டே கோடுகள். ஒன்று வடகனடாவின் காட்டு முயலுக்குரியது. மற்றது அம்முயலை உண்டு வாழும் லிங்ஸ் என்னும் காட்டுப் பூனைக்குரியது. முயலின் கோடு மலைபோல் உயர்ந்து பள்ளத்திலே விழும். ஓரிரண்டு ஆண்டு பிந்திப் பூனையின் கோடும் உயர்ந்து விழும். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை இது திரும்பத் திரும்ப நிகழும். கரும்பலகையிலே கீறுவதற்கு இதனிலும் எளிதான பாடமில்லை. நாமும் பல ஆண்டுகளாகக் கீறியிருக்கிறோம். கீறி முடிந்ததும் கற்பித்தவருக்கும் கற்றவருக்கும் ஒருவகை நிறைவு தோன்றும். இயற்கையின் நியதி ஒன்று கண்முன்னே கோடாக நிற்கிறதல்லவா?

அந்த நிறைவைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம். அக்கோடுகள் தாமாக வந்தவையல்ல. கண்ணி வைத்த வேடர்கள், தோலை எண்ணிப் பதிந்த கணக்கர்கள், காட்டுத் தரையிலே முழந்தாளிட்டு முயற்புழுக்கையை எண்ணிய மாணவர்கள் எனப் பலதிறப்பட்டோரின் உழைப்பிலே அவை உருவாயின. அவ்வுழைப்பின் வரலாற்றை முழுமையாக வாசித்தால் ‘நியதி’ என்ற சொல்லின் பொருளே வேறாகி விடுகிறது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2022-ஆம் ஆண்டிலே நாடு கடனில் மூழ்கி, மக்கள் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், ஆசிரியர் ஒன்றுகூடல் ஒன்றிலே நண்பர் ஒருவர் சொன்னார்: “ஏறினது இறங்கத்தானே வேணும், மாஸ்டர். நீங்கள் வகுப்பிலை கீறுகிற முயல் வரைபுதான் இதுவும். தொகை மிஞ்சினால் பஞ்சம் வரும், மெலிஞ்சது சாகும், மிஞ்சினது பிழைக்கும். இதுக்கு ஆரை நோகிறது?” அவர் கெட்டவரல்லர். பசியோடு வந்த பிள்ளைகளுக்குத் தமது சம்பளத்திலே பாண் வாங்கிக் கொடுத்தவர். அத்தகைய நல்லவர் வாயிலேயே இவ்வார்த்தை இத்துணை இயல்பாக வருமாயின், அதன் வேரைத் தேடிப் பார்ப்பது நமது கடமையாகிறது.

முதலிலே முயலைத் தெரிந்துகொள்வோம். அலாஸ்காவிலிருந்து அத்திலாந்திக் கரைவரை பரந்து கிடக்கும் வடக்கின் ஊசியிலைக் காடுகளிலே வாழ்வது இது. பின்னங்கால்கள் மிக அகன்றவை. ஆழ்ந்த பனியிலும் புதையாது ஓட உதவுபவை. ஆகவே ‘பனிச்சப்பாத்து முயல்’ என்று பெயர் பெற்றது. கோடையில் மண்ணிறம்; மாரியில் வெண்ணிறம். கோடையிலே புல்லையும் இலையையும் உண்ணும். மாரியிலே பனிக்கு மேலே நீட்டிநிற்கும் வில்லோ, பேர்ச் முதலிய செடிகளின் சுள்ளிகளைக் கொறித்து உயிர் பிழைக்கும். ஒரே கோடையிலே மூன்று, நான்கு முறை குட்டி போடும். அக்காட்டிலே லிங்ஸ் மட்டுமன்றி, கொயொட் நாயும், பெருங்கொம்பு ஆந்தையும், கொசொக் என்னும் பருந்தும் இம்முயலை நம்பியே மாரியைக் கடக்கின்றன. முயல் மிகுந்தால் காடே கொழுக்கிறது. முயல் அற்றால் காடே பட்டினி கிடக்கிறது.

மனிதரும் இதற்கு விலக்கல்லர். வடக்கின் ஆதிக்குடிகளுக்கு முயல் உணவாகவும் உடையாகவும் இருந்தது. பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்கு அருகிலே கண்ணி வைத்து முயல் பிடித்தனர். தோலை நாடாவாக வெட்டிப் போர்வை பின்னினர். பெருவிலங்கு அகப்படாத மாரியிலே குடும்பத்தின் உயிரைக் காத்தது இச்சிறு பிராணியே. முயல் வருவதும் போவதும் அவர்களுக்குப் புதினமன்று. விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைப்பதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே அம்மக்கள் அதனைப் பசியாலும் நிறைவாலும் அறிந்திருந்தனர்.

ஆனால் எழுத்திலே வந்த முதற் கணக்கு அவர்களுடையதன்று, வாணிபத்தினுடையது. 1670-ஆம் ஆண்டிலே இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்ஸ், ஹட்சன் விரிகுடாவிலே கலக்கும் ஆறுகளின் நிலம் முழுவதையும் ஒரு சாசனத்தினால் ஒரு கம்பனிக்கு எழுதிக் கொடுத்தான். அந்நிலத்திலே வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. ஹட்சன் விரிகுடாக் கம்பனி என்ற அந்நிறுவனம் ஆற்றோரங்களிலே வணிக நிலையங்களை அமைத்து, துவக்கும் வெடிமருந்தும் கம்பளமும் கொடுத்து மென்மயிர்த் தோல்களை வாங்கியது. பீவர் என்னும் விலங்கின் ஒரு தோலே நாணய அளவையாயிற்று. இலையுதிர் காலத்திலே பொருளைக் கடனாகக் கொடுப்பதும், மாரி முழுவதும் வேடன் பிடித்த தோல்களை இளவேனிலிலே கடனுக்கு ஈடாக வாங்குவதும் வழக்கமாயின. தோட்டத்துக் கடன் இன்னதென்று அறிந்த நம் வாசகருக்கு இம்முறையை மேலும் விளக்க வேண்டியதில்லை.

கடன் கொடுத்தவன் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பான். கம்பனியும் வைத்திருந்தது. எந்த ஆண்டு, எந்தப் பகுதியிலிருந்து, எந்த விலங்கின் தோல் எத்தனை வந்தது என்பது தலைமுறை தலைமுறையாகப் பதியப்பட்டது. மக்கென்சி ஆற்றுப் பகுதியின் லிங்ஸ் கணக்கை மாத்திரம் பார்ப்போம். 1821-இல் 269 தோல்கள், 1828-இல் 5943, 1832-இலே வெறும் 98. பின்னர் மீண்டும் ஏற்றம், மீண்டும் வீழ்ச்சி. 1934 வரை 114 ஆண்டுகள் தொடரும் இவ்வரிசை, இன்று உலகெங்கும் புள்ளிவிபரவியல் மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்காக விளங்குகிறது. இலாபத்தை அளக்க வைத்த ஏடு காட்டின் நாடித்துடிப்பையும் பதிந்துவிட்டது. கணக்கர் அதனை எண்ணியிருக்க மாட்டார்.

இவ்வேடுகளின் பெறுமதியைக் கண்டவர்களுள் முதன்மையானவர் ஒக்ஸ்போர்ட்டின் சாள்ஸ் எல்ரன். சூழலியல் என்ற துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். ‘விலங்குச் சூழலியல்’ என்ற அவரது நூல் 1927-இலே வெளிவந்தது. கம்பனியின் ஆலோசகராகவும் பணியாற்றிய அவர், மேரி நிக்கொல்சனுடன் இணைந்து, 1736 முதல் 1934 வரையான லிங்ஸ் தோல்களின் கணக்கை ஆராய்ந்து, பத்தாண்டுச் சுழற்சியை 1942-இலே நிலைநாட்டினார். பழைய ஏட்டை வாசிப்பதோடு அவர் நிற்கவில்லை. 1931 முதல் 1948 வரை ‘பனிச்சப்பாத்து முயல் விசாரணை’ என்றொரு முயற்சியை அவரது நிறுவனம் நடத்தியது. வடகனடாவின் வணிக நிலையங்களுக்கும் பிறருக்கும் ஆண்டுதோறும் வினாத்தாள் சென்றது. கேள்வியோ மிக எளியது: சென்ற ஆண்டிலும் பார்க்க இவ்வாண்டு உங்கள் பகுதியில் முயல் கூடியதா, குறைந்ததா, மாற்றமில்லையா? எண்ணிக்கை கேட்கவில்லை, கண்ணிலே பட்டதை மாத்திரம் கேட்டார்கள். காட்டிலே நடந்து திரிந்தவர்களின் எளிய விடைகள் பதினேழு ஆண்டுகள் சேர்ந்தபோது ஒரு கண்டத்தின் படமாயின. பெரிய கருவிகள் இல்லாமலே பெரிய உண்மையை அணுகலாம். ஆனால் விடாமல் கேட்க வேண்டும் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா?

இவ்விடத்தே ஒரு முட்டுக்கட்டையையும் சொல்லியாக வேண்டும். பாடநூலிலே காணும் அந்த இரட்டைக் கோடுகளைக் கூர்ந்து நோக்கிய மைக்கல் கில்பின் என்பவர், 1973-இலே ‘முயல்கள் லிங்ஸைத் தின்கின்றனவா?’ என்ற தலைப்பிலே ஒரு கட்டுரை எழுதினார். வேடிக்கைக்காக வைத்த தலைப்பன்று. அவ்வரைபின் சில பகுதிகளிலே பூனையின் கோடு முந்தியும் முயலின் கோடு பிந்தியும் செல்கின்றன. அதனை அப்படியே சமன்பாட்டிற் பொருத்தினால் முயலே பூனையைத் தின்பதாக விடை வருகிறது! காரணம் யாது? இரண்டு கோடுகளும் ஒரே காட்டிலே எடுக்கப்பட்டவையல்ல. வெவ்வேறு பகுதிகளின் கணக்குகள் ஒரே தாளிலே ஒட்டப்பட்டிருந்தன. அன்றியும், ஏட்டிலே இருந்தது காட்டில் வாழ்ந்த விலங்கின் தொகையன்று. கடைக்கு வந்த தோலின் தொகை. தோலைக் கொண்டுவந்தவன் வேடன். அவன் நோயுற்ற ஆண்டும், பசியினால் தோலை விட்டு இறைச்சியைத் தேடிய ஆண்டும், விலை வீழ்ந்ததால் பொறி வைக்காத ஆண்டும் அக்கணக்கைத் திரிக்கக் கூடியவை. முயலும் பூனையும் மட்டுமே கண்ட வரைபிலே மனிதன் மறைந்து நின்றான். எந்தக் கணக்கைக் கண்டாலும் எண்ணியவன் யார் என்று கேட்க வேண்டும் என்பது நாம் இதிலிருந்து பெற்ற முதற் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம்மவர் பழமொழி. பத்தாண்டுச் சுழற்சி வெளிப்பட்டதும், ஒவ்வொருவரும் தத்தம் முயலைப் பிடித்துக் காலை எண்ணத் தொடங்கினர். சூரியனிலே தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகுவதால் அவையே முயலை ஆட்டுவிக்கின்றன என்றனர் சிலர். இவ்வெண்ணத்துக்கு ஒரு முன்னோடியும் உண்டு: 19-ஆம் நூற்றாண்டின் பொருளியலாளர் ஜெவன்ஸ் வர்த்தக நெருக்கடிகளையே சூரியப் புள்ளிகளோடு இணைத்தவர். முயலின் எழுச்சி வீழ்ச்சிகளை ஆராய்ந்த ரொறன்ரோவின் மக்லூலிக் 1937-இலே அக்கோட்பாட்டை மறுத்தார். இரு சுழற்சிகளும் கால ஒழுங்கிலே ஒத்துப்போகவில்லை. எனினும் அது மறையவில்லை.

1931-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். முதலாளித்துவ உலகம் பெருமந்தத்திலே விழுந்து கிடந்தது. ஆலைகள் மூடப்பட்டன, கோடிக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவ்வாண்டிலே கியூபெக்கின் மற்றமெக் ஆற்றங்கரையிலே, கொப்லி அமொரி என்ற செல்வந்தரின் அழைப்பின்பேரில், உயிரியற் சுழற்சிகள் பற்றிய மாநாடு ஒன்று கூடியது. எல்ரனும் சென்றிருந்தார். அங்கு முயலும் மீனும் சூரியனும் பற்றி நிகழ்ந்த விவாதங்கள் பிற்காலத்திலே எங்கே போய்ச் சேர்ந்தன என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்திலே பொருளியலாளராக இருந்தவரும், மந்தத்தின் காரணத்தைத் தேடியவருமான எட்வேர்ட் டியூவி, அம்மாநாட்டின் வழிவந்த குழுவோடு தொடர்பு கொண்டு, 1941-இலே சுழற்சிகளை ஆராயவென ஒரு மன்றத்தை நிறுவினார். முயலின் பெருக்கமும் பங்குச்சந்தையின் விலையும் ஒரே பட்டியலிலே இடம்பெற்றன.

இதன் அரசியற் பயன் வெளிப்படை. ஆலை மூடப்பட்டதற்கு ஆலைக்காரன் பொறுப்பல்லன்; வங்கி முறிந்ததற்கு வங்கிக்காரன் பொறுப்பல்லன்; காட்டிலே முயல் மடிவது போல நாட்டிலே தொழிலாளி மடிகிறான்; காலம் வந்தால் மீண்டும் தளிர்க்கும். 1798-இலே மல்தஸ் பாதிரியார் வறியவரின் பசியைக் குடித்தொகையின் தலையிலே கட்டினார். அதே சுமையை இப்போது முயலின் முதுகிலும் ஏற்றினர். நமது நண்பரின் வார்த்தையும் அறிந்தோ அறியாமலோ இவ்வழி வந்ததுதான்.

ஆனால் முயல் உண்மையிலே பசியினால்தான் மடிகிறதா? இதனைக் காட்டிலே இருந்து பாராமல் மேசையிலே இருந்து தீர்க்க முடியாது. 1961-இலே லொயிட் கீத்தும் அவரது துணைவரும் அல்பேட்டாவின் றொச்செஸ்ரர் பகுதியிலே ஆண்டுதோறும் முயல்களைப் பிடித்து அடையாளமிட்டு எண்ணத் தொடங்கினர். மாரி உணவு குறைவதே வீழ்ச்சியைத் தொடக்குகிறது, இரைகௌவிகள் அதனைத் தொடர்கின்றன என்பது அவர்கள் கொண்ட முடிபு. 1970-களிலே சாள்ஸ் கிறெப்ஸ் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் யூக்கொன் பிரதேசத்தின் குளுவானி ஏரியண்டையிலே ஆய்வைத் தொடங்கினர். அங்கே, தாழ்ந்த ஆண்டுகளில் 10 ஹெக்டேயர் காட்டுக்கு ஒரு முயல் தேறுவதும் அரிது. உச்ச ஆண்டுகளிலோ ஒரே ஹெக்டேயரிலே இரண்டு மூன்றைக் காணலாம்.

அவர்கள் எண்ணிய முறையைக் கேட்டால் நம் மாணவர்கள் சிரிப்பார்கள். கூட்டுப்பொறியிலே உயிரோடு பிடித்து, காதிலே உலோகத் தகடு பொருத்தி விடுவது ஒரு முறை. மற்றையது புழுக்கை எண்ணுதல். 5 சென்ரிமீற்றர் அகலமும் 3 மீற்றர் நீளமும் கொண்ட ஒடுங்கிய நிலக்கீற்றுகள் பலவற்றைக் காட்டிலே நிலையாகக் குறித்து வைப்பர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்திலே ஒவ்வொரு கீற்றிலும் கிடக்கும் முயற்புழுக்கையை எண்ணி, பின்னர் துப்புரவாக்கி விடுவர். அடுத்த ஆண்டு கிடப்பது அவ்வாண்டுக்குரியது. பொறியிலே பிடித்தறிந்த தொகையோடு இவ்வெண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் நெருங்கி ஒத்திருந்தன. அதனை 1987-இலே வெளியிட்டனர். நுளம்பு மொய்க்கும் காட்டுத் தரையிலே முழந்தாளிட்டு, கீற்றுக் கீற்றாக, ஆண்டுக்கு ஆண்டு, ஒரே இடத்திலே ஒரே விதமாக எண்ணும் இவ்வேலைக்குப் புகழில்லை. படமெடுக்க எவரும் வருவதில்லை. உயர்ந்த அறிவு என்பது பெரும்பாலும் இத்தகைய தாழ்ந்த வேலையின் திரட்சி என்பதை நாம் வகுப்பறையிலே சொல்லத் தவறக்கூடாது.

1986 முதல் 1996 வரை, கனடாவின் இயற்கை விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சிப் பேரவையின் பொதுப்பணத்திலே, அங்கே ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள காட்டுத் துண்டுகளைத் தெரிந்தெடுத்தனர். சில துண்டுகளிலே ஆண்டு முழுவதும் முயலுக்கு உணவு வைத்தனர். ஒன்றைச் சுற்றி மின்வேலி அமைத்தனர்; முயல் நுழையலாம், லிங்ஸும் கொயொட்டும் நுழைய முடியா. இன்னொன்றிலே வேலியும் உணவும் சேர்ந்தே இருந்தன. வேறு சிலவற்றுக்கு விமானத்திலிருந்து பசளை தூவினர். சிலவற்றை எதுவுஞ் செய்யாது ஒப்பீட்டுக்கென விட்டனர். வெப்பநிலை உறைநிலைக்கு 40 பாகை கீழே இறங்கும் மாரியிலும் மின்வேலியைக் காவல் செய்ய வேண்டியிருந்தது.

முடிபுகள் 1995-இலே வெளிவந்தன. உச்சக் காலத்திலும் வீழ்ச்சிக் காலத்திலும் சராசரியாக, இரைகௌவியைத் தடுத்த இடத்திலே முயல் 2 மடங்காயிற்று. உணவு வைத்த இடத்திலே 3 மடங்காயிற்று. இரண்டும் சேர்ந்த இடத்திலோ 11 மடங்கு! இரண்டையும் மூன்றையும் கூட்டினாலும் பெருக்கினாலும் பதினொன்று வராது. உணவும் பகையும் தனித்தனியே நின்று தொழிற்படவில்லை; ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தொழிற்பட்டன. பசளை தூவிய இடத்திலே செடி செழித்தது; முயலின் தொகையிலே பெரிய மாற்றமில்லை.

இறப்பின் காரணத்தையும் அவர்கள் ஊகிக்கவில்லை. முயலின் கழுத்திலே வானொலி அலை பரப்பும் சிறு கருவியை மாட்டி, அது செத்தவுடன் தேடிச் சென்று பார்த்தனர். செத்தவற்றுள் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவை இரைகௌவிகளால் கொல்லப்பட்டிருந்தன. பசியினால் நேரே செத்தவை மிகச் சில. பிறந்த குட்டிகளைக் கொன்றவற்றுள் முதன்மையானவை எவை என்று தேடியபோது, எவரும் சந்தேகித்திராத அணில்கள் அகப்பட்டன. சாது என்று நாம் நினைக்கும் பிராணியின் வாயிலும் இரத்தம் இருந்தது.

இன்னுமொரு புதிர் எஞ்சியது. வீழ்ச்சி முடிந்து, செடிகள் மீண்டும் தழைத்து, பூனைகளும் அருகிய பின்னரும், முயல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெருகாமலே கிடக்கிறது. உணவு உண்டு, பகை குறைவு, ஆயினும் பெருக்கமில்லை. ஏன்? றூடி பூன்ஸ்ரா, மைக்கல் செரிவ் முதலியோர் இதற்கு விடை தேடினர். இடையறாது துரத்தப்படும் முயலின் குருதியிலே அச்சத்தின் ஓமோன் மிகுகிறது. அச்சமுற்ற தாய் குறைவாக ஈனுகிறது. ஈன்ற குட்டியும் சிறிதாகிறது. கூட்டில் வளர்த்த சினை முயல்களின் அருகே பழக்கிய நாயொன்றை ஓரிரு நிமிடம் மாத்திரம் விட்டுவிட்டுக் காட்டியபோதும் இதே விளைவு கிடைத்தது. மேலும், அவ்வச்சத்தின் சுவடு தாயோடு முடிவதில்லை. மகளிடத்தும் அளவிடத்தக்கதாகத் தொடர்கிறது. பூனை போய்விட்டது, ஆனால் பூனையின் நிழல் அடுத்த தலைமுறையின் உடலிலே தங்கிவிட்டது. இம்முடிவுகள் 2009, 2010 ஆகிய ஆண்டுகளிலே வெளிவந்தன. ஒரு சுழற்சிக் காலம் மாத்திரம் எண்ணியிருந்தால் இக்கேள்வியே எழுந்திராது.

ஈண்டு நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். முயலிடமிருந்து மனிதனுக்குச் சட்டம் கடன் வாங்கியவர்களை மறுத்துவிட்டு, நாமும் நமக்குப் பிடித்த ஒரு சட்டத்தைக் கடன் வாங்குவது முறையன்று. முயலுக்குச் சங்கமில்லை, வாக்குரிமையில்லை, அது தன் நிலைமையை ஆராய்ந்து மாற்றுவதுமில்லை. மனிதனுக்கு இவையெல்லாம் உண்டு. நாம் சொல்வது இவ்வளவே: இயற்கை நியதி என்று காட்டுவதற்காக எடுத்து வந்த முயலே அவ்வழக்கிலே எதிர்ச்சாட்சி சொல்கிறது. தொகை மிஞ்சியது, உணவு அற்றது, மெலிந்தது மடிந்தது என்ற மல்தஸின் நேர்கோடு முயற்காட்டிலேயே செல்லுபடியாகவில்லை. அங்கேயே அவ்வளவு பின்னலான காரணங்கள் இருக்குமாயின், மனித சமுதாயத்தின் நெருக்கடியை ஒரே வாக்கியத்திலே விதியின் மேற் சுமத்துவது எவ்வளவு பெரிய சோம்பல்! 2022 ஏப்ரல் 12-ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. அக்கடன் பத்திரம் ஒவ்வொன்றிலும் திகதி உண்டு, கையொப்பம் உண்டு. சூரியனின் கரும்புள்ளி எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிட்டதில்லை.

குளுவானியைப் பற்றிப் பேசும்போது அந்நிலத்துக்கு உரியவர்களை மறந்துவிட இயலாது. அது தென் ருச்சோனி மக்களின் பூர்வீக நிலம். 1942-இலே அமெரிக்க இராணுவம் அலாஸ்காப் பெருந்தெருவை அவ்வழியாக வெட்டியது. 1943-இலே அப்பகுதி வேட்டை விலக்கிய காப்பகமாக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கே அவர்களது நிலம் மூடப்பட்டது. காட்டைக் காக்கிறோம் என்ற பெயரிலே காட்டின் மக்களை வெளியேற்றுவது உலகிலே புதிதன்று. நெடிய போராட்டத்தின் பின்னரே, 1993-இலே சம்பெயின்–ஏஷியாக் மக்களும், 2003-இலே குளுவானி மக்களும் கனடா அரசோடும் யூக்கொன் அரசோடும் நில உடன்படிக்கை செய்துகொண்டனர். முயலை முதன்முதல் எண்ணியவர்கள் இவர்களே. ஆயினும் நெடுங்காலம் விஞ்ஞானத்தின் ஏட்டிலே இவர்களுக்குப் பெயரில்லை. 2005-இலே தொடங்கிய சமூகச் சூழற் கண்காணிப்புத் திட்டம், குளுவானியோடு மேயோ, பாரோ, வட்சன் லேக், வைற்ஹோர்ஸ் ஆகிய இடங்களையும் சேர்த்துக்கொண்டது. உள்ளூர் மக்கள் கண்டறிந்தவற்றைக் கேட்டுப் பதிவதும் அதன் ஒரு பகுதியாயிற்று. இது சலுகையன்று, பிந்தி வந்த நீதி.

நீண்டகாலக் கணக்கெடுப்பின் பெரும்பகை எது? குளிரன்று, கரடியுமன்று, குறுகிய காலத்துக்கு ஒதுக்கும் பணமே. ஒரு சுழற்சி பத்தாண்டு. அதனை ஒருமுறை கண்டால் ஒரு நிகழ்ச்சி. மும்முறை கண்டாற்றான் ஓரளவு ஒப்பிடலாம். அதாவது முப்பதாண்டு வேண்டும். ஆனால் ஆராய்ச்சிப் பணமோ மூன்று ஆண்டுக்கு, ஐந்து ஆண்டுக்கு எனத் துண்டு துண்டாக வருகிறது. கலாநிதிப் பட்டத்துக்கென நான்கு ஆண்டு காட்டில் உழைக்கும் மாணவன் ஏற்றத்தைக் காண்பான், அல்லது வீழ்ச்சியைக் காண்பான்; இரண்டையும் காணான். யானையைத் தடவிய குருடர் கதைதான். ஒக்ஸ்போர்ட்டிலே எல்ரன் கட்டியெழுப்பிய விலங்குக் குடித்தொகை நிறுவனம், 1967-இலே அவர் ஓய்வுபெற்றதும் மூடப்பட்டது. அலாஸ்காவிலே, பெயர்பாங்ஸ் நகரருகே பொனான்சா கிறீக் காட்டிலே, 1987-இலே நெடுங்காலச் சூழல் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இத்தகைய ஒழுங்குகள் இருந்தமையாலேயே சங்கிலி அறாது தொடர்ந்தது.

சங்கிலி அறாமையின் அருமை அண்மைக் காலத்திலே புலனாகிறது. குளுவானியில் 1981, 1990, 1998, 2006, 2016 ஆகிய ஆண்டுகளை ஒட்டி உச்சங்கள் வந்தன. பிந்திய உச்சங்கள் சில முந்தியவற்றிலும் தாழ்ந்திருந்தன. வடக்கு விரைவாக வெப்பமடைகிறது. பனி பிந்தி விழுந்து முந்தி உருகுகிறது. முயலின் உரோமமோ பகற்பொழுதின் நீளத்தைப் பார்த்தே நிறம் மாறுகிறது. பனியில்லாத மண்ணிற நிலத்திலே வெண்முயல் விளக்குப்போல் தெரிகிறது. தெற்கே, மொன்ரானாவில் நடந்த ஆய்வொன்று, இவ்வாறு நிறம் பொருந்தாத முயலின் வாராந்த உயிர்தப்பும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வரை குறைவதாக 2016-இலே காட்டியது. மாற்றம் வந்ததா, எவ்வளவு வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மாற்றத்துக்கு முந்திய கணக்கு கையில் இருக்க வேண்டும். எண்ணாது விட்ட ஆண்டைப் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தும் எண்ண முடியாது. போன ஜூன் போனதுதான்.

சாசனம் பெற்று ஒரு கண்டத்திலே பெரும் நிலப்பரப்பை ஆண்ட கம்பனி, 355 ஆண்டு வாழ்ந்து, 2025-இலே கடனிறுக்க முடியாது தன் கடைசிக் கடைகளையும் மூடிவிட்டது. அதன் இலாபம் எங்கே போயிற்றென்று தேடுவார் இல்லை. அதன் ஏடுகளோ மனிற்றோபாவின் பொது ஆவணக் காப்பகத்திலே, எவரும் வாசிக்கக் கூடியனவாக இருக்கின்றன. தனியார் இலாபத்துக்கென எழுதியதைப் பொது அறிவாக மாற்றியவர்கள் அதனை வாசித்தவர்களும், சரிபார்த்தவர்களும், காட்டுக்குச் சென்று தொடர்ந்து எண்ணியவர்களுமே. கம்பனியிலும் கணக்கே நீண்டு வாழ்ந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இதிலிருந்து கொள்ளத்தக்கது ஒரு பழக்கம். வறுமை இயற்கை நியதி, நெருக்கடி காலச் சுழற்சி, பசி தொகையின் விளைவு என்று எவரேனும் உறுதியாகச் சொல்லும்போது, கோபத்தோடு மறுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். எத்தனை ஆண்டு எண்ணினீர்கள்? எண்ணியவர் யார்? யாருடைய தேவைக்காக எண்ணினார்? முயலைப் பற்றிய நூற்றாண்டுக் கணக்கு இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லித்தான் விஞ்ஞானமாயிற்று. மனிதரைப் பற்றிய கணக்கு அதனினும் குறைந்த கண்டிப்புக்கு உட்படுவதை நாம் ஏற்க வேண்டிய அவசியமில்லை.